மணலியில் ஷிஃப்ட் வேலை, கெமிக்கல் டிப்ளமோ: பி.இ.யா, ஏ.டி.ஐ.எஸ்.ஸா, நெபோஷா?

தேரடி வாசி:
வயது 28. பத்தாவது முடித்து மூன்று வருட கெமிக்கல் டிப்ளமோ, பிளஸ் டூ கிடையாது. மணலியில் ஒரு ரசாயன ஆலையில் காண்ட்ராக்டர் மூலம் வேலை. கடைசி இரண்டு வருடமாக ஷிஃப்ட் இன்சார்ஜ். ஏ, பி, சி மூன்றும் வாரம் மாறி மாறி வரும். சேஃப்டி ஆபீசர் ஆகணும் என்பதுதான் எண்ணம். ஒருத்தர் பி.இ. முடி என்கிறார், இன்னொருத்தர் நெபோஷ் (பிரிட்டிஷ் அமைப்பு தரும் பாதுகாப்புச் சான்றிதழ்) போதும் என்கிறார், வீட்டில் தபால் வழியில் பி.பி.ஏ. போடச் சொல்கிறார்கள். தண்டையார்பேட்டையில் ஒரு இன்ஸ்டிட்யூட் ஆறே மாதத்தில் 'ஃபயர் அண்ட் சேஃப்டி' டிப்ளமோ தருகிறதாம். எதில் பணத்தைப் போடலாம்?

பாய்லர் ஹவுஸ்:
தம்பி, கோர்ஸை விட்டுத் தள்ளுங்க. அந்தச் சான்றிதழை யார் கேட்கப் போறாங்கன்னு முதல்ல பாருங்க. இந்தியாவில் ஆலைக்கான சேஃப்டி ஆபீசர் தகுதியை விதியே சொல்லுது. இன்ஜினியரிங் டிகிரின்னா மேற்பார்வைப் பொறுப்பில் 2 வருட அனுபவம், டிப்ளமோன்னா 5 வருடம். இயற்பியல், வேதியியல் டிகிரிக்கும் 5 வருடம். இதோடு மாநில அரசு அங்கீகரித்த தொழிற்சாலைப் பாதுகாப்புப் படிப்பு, தொழிலாளர் பேசும் மொழி, இரண்டும் வேணும். பி.பி.ஏ. இதில் எங்கேயும் வரலை.

அந்தப் பாதுகாப்புப் படிப்புக்குப் பெயர் போன இடம் தரமணியில் இருக்கிற மண்டலத் தொழிலாளர் நிறுவனம். ஏ.டி.ஐ.எஸ்.னு சொல்ற தொழிற்சாலைப் பாதுகாப்பு உயர் டிப்ளமோ அங்கே ஒரு வருடம், முழுநேரம், பகல் வகுப்பு. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினா சின்னமலை, அங்கிருந்து பஸ். போக்குவரத்து பிரச்சினை இல்லை, லீவுதான் பிரச்சினை. கம்பெனி அனுப்பிவைத்தா சம்பளத்தோடு படிக்கலாம். காண்ட்ராக்ட் ஆளுக்கு அது நடக்காது, வேலையை விடணும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் அனுமதியோடு நடக்கிற ஒரு வருட போஸ்ட் டிப்ளமோவையும் பாருங்க. தண்டையார்பேட்டைக்காரர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: சான்றிதழில் யாருடைய முத்திரை? இயக்ககம் பெயரோ பல்கலைக்கழகம் பெயரோ இல்லாம 'கவுன்சில்', 'போர்டு'ன்னு ஏதோ இருந்தா, அட்வான்ஸ் கட்டாம எழுந்து வந்துடுங்க.

உங்களுக்கு இப்போ குறையறது படிப்பை விட அனுபவக் கடிதம். மேற்பார்வை 2 வருடம்தான் ஆகியிருக்கு, இன்னும் 3 வேணும். 'பிளான்ட் டெக்னீஷியன்'னு எழுதின கடிதத்தோட போய் நின்னா அதை மேற்பார்வையா எடுத்துக்க மாட்டாங்க. பதவிப் பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த யூனிட், கீழே எத்தனை பேர், பெர்மிட்டில் (வேலை தொடங்க அனுமதிக்கும் சீட்டு) கையெழுத்துப் போடும் அதிகாரம் உண்டா, எல்லாம் லெட்டர்ஹெட்டில் வரணும். ஆலை மேலாளர் கையெழுத்து இருந்தா இன்னும் பலம்.

மாலை வகுப்பு:
பி.இ. பற்றி மட்டும் சொல்றேன். தொலைநிலையில் இன்ஜினியரிங் டிகிரி செல்லாது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு, எந்த ஏஜென்ட் என்ன சொன்னாலும் காதில் வாங்காதீங்க. இன்ஜினியர்கள் சங்கம் நடத்தும் ஏ.எம்.ஐ.இ. தேர்வும் 31.05.2013 வரை பதிந்தவர்களுக்குத்தான் டிகிரிக்குச் சமம். இப்போ சேர்ந்து பயனில்லை.

மிச்சம் இருக்கிறது, வேலை பார்ப்பவர்களுக்காக ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பு) அனுமதிச்ச மாலை நேர பி.இ. டிப்ளமோவோட நேரா இரண்டாம் ஆண்டு. குறைந்தது ஒரு வருட முழுநேர வேலை, கம்பெனியின் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லைன்னு கடிதம்), கல்லூரிக்கும் வேலை இடத்துக்கும் தூர வரம்பு, எல்லாம் உண்டு. சரி, இப்போ உங்க ஷிஃப்டை வெச்சுக் கணக்குப் போடுங்க. பி ஷிஃப்ட் மதியம் 2 முதல் இரவு 10. மூணு வாரத்தில் ஒரு வாரம் வகுப்பு மொத்தமா போச்சு. மிச்சம் 67 சதவீதம். வருகைப்பதிவுக்கு வேண்டியது 75. ஒரு நாள் காய்ச்சலே வராட்டியும் நீங்க தேற மாட்டீங்க. பி வாரத்தை வேறொருத்தரோட மாத்திக்க முடியும்னு மேலதிகாரி எழுத்தில் தந்தபிறகு ஃபீஸ் கட்டுங்க. வாய்ச்சொல் பத்தாது, இன்சார்ஜ் மாறினா ரோஸ்டரும் மாறும்.

இன்னொண்ணு. பி.இ. முடிக்கவும் மூணு வருடம், டிப்ளமோ வழியில் 5 வருட மேற்பார்வை நிரம்பவும் மூணு வருடம். டிகிரிக்குப் பிறகு 2 வருடம்னு வெச்சு கணக்குப் போட்டா, சேஃப்டி ஆபீசர் பதவிக்கு பி.இ. குறுக்கு வழியே இல்லை. கம்பெனியின் கிரேடு உயர்வுக்கு டிகிரி கட்டாயம்னா மட்டும் போங்க.

வீட்டில் கேட்கும் டிகிரி டி.என்.பி.எஸ்.சி.க்காகன்னா அது தனிக் கதை. பத்து, டிப்ளமோ, டிகிரி என்ற வரிசை உங்ககிட்ட சரியா இருக்கும். தபால் வழியில் டிகிரி தரும் இக்னோவின் மண்டல மையம் வேப்பேரி பெரியார் திடலில்தான். சேரும் முன்னாடி யு.ஜி.சி. தளத்தில் டெப் ஐ.டி. (தொலைநிலை மாணவருக்கான பதிவு எண்) எடுங்க.

மஸ்கட் ரிட்டர்ன்:
நெபோஷ் ஐ.ஜி.சி. (அவங்க தரும் சர்வதேசப் பொதுச் சான்றிதழ்) வளைகுடாவுக்கு நல்ல சாவி. மணலியில் சட்டப்படியான சேஃப்டி ஆபீசர் நாற்காலிக்கு அது மட்டும் போதாது. போக நினைச்சா மட்டும் எடுங்க.

முதல் தாள் 24 மணி நேர ஓப்பன் புக், 100க்கு 45 எடுத்தா பாஸ். நம்ம ஆளுங்க கோட்டை விடறது எங்கேன்னா, புத்தகத்தைப் பார்த்து எழுதறதில். கேள்வியோட ஒரு கற்பனை ஆலைக்கதை தருவாங்க. ஒவ்வொரு பதிலிலும் அந்தக் கதையிலிருந்து ஆதாரம் காட்டணும். 'பயிற்சி போதவில்லை'ன்னு எழுதினா மார்க் இல்லை. புதுசா வந்த ஃபோர்க்லிஃப்ட் டிரைவருக்கு யாரும் எதையும் காட்டிக் கொடுக்கலைன்னு அதிலேயே இருக்கும், அதை எடுத்து வைக்கணும். இரண்டாவது, உங்க வேலை இடத்தின் ரிஸ்க் அசெஸ்மென்ட். குறைந்தது பத்து ஆபத்து, ஐந்து வகையிலிருந்து. ஆலையின் பெயரைப் போடாதீங்க, அனுமதியும் வாங்கிக்கோங்க.

தேரடி வாசி:
நன்றி அண்ணா. அந்த இரண்டு வருடத்துக்குள்ளேயே காண்ட்ராக்டர் ஒரு தடவை மாறிட்டார். ஆலை அதேதான். பழைய ஆள் கடிதம் தருவாரான்னு தெரியலை.

பாய்லர் ஹவுஸ்:
அப்போ இன்னைக்கே பி.எஃப். தளத்தில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்க. பழைய காண்ட்ராக்டர் வெளியேறின தேதியைப் போடாம விட்டிருந்தா, இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் வேலை பார்த்த மாதிரி நிக்கும். கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் ஆகியிருந்தா நீங்களே அந்தத் தேதியைப் பதியலாம். அவர் கடிதம் தராட்டியும் சம்பளச் சீட்டு, கேட் பாஸ், நீங்க கையெழுத்துப் போட்ட பெர்மிட் நகல், இவற்றைக் காட்டி ஆலை மேலாளர்கிட்ட ஒரே கடிதமா இரண்டு காலத்தையும் சேர்த்து வாங்கப் பாருங்க. அவர் மாற்றலாகிப் போறதுக்கு முன்னாடி.