ஈ-கிளாஸ் காரின் கட்டுப்பாடுகளும் எச்சரிக்கைச் செய்திகளும்: எதை முதலில் பழகுவது?

வெள்ளவத்தைவாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்கு முன்பு என் அண்ணர் இங்கிலாந்திலிருந்து தருவித்த மெர்சிடிஸ் பென்ஸ் ஈ-கிளாஸ் (2017 தயாரிப்பு, பெற்றோல்) இப்போது என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. அவர் குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேறிவிட்டார். நான் இதுவரை டொயோட்டா கார்களை மட்டுமே ஓட்டிப் பழகியவன் என்பதால், இந்த வண்டியின் சாரதி ஆசனத்தில் அமர்ந்தவுடன் எதை எங்கே தேடுவது என்றே புரியவில்லை. கையேடு தடிப்பாக இருக்கிறது. அதை முதற்பக்கத்திலிருந்து வாசிப்பதா, அன்றாடம் தேவையானதை மட்டும் முதலில் கற்பதா என்று தெரியவில்லை.

குறிப்பாக மூன்று விடயங்களை அறிய விரும்புகிறேன். டொயோட்டாவில் சிக்னல் தண்டு இருக்கும் வலப்பக்கத்தில் இதில் கியர் தண்டு இருக்கிறது. கொழும்பு – காலி வீதியின் நெரிசலில் இந்த மாற்றத்துக்கு எப்படிப் பாதுகாப்பாகப் பழகுவது? அடுத்து, சில வாரங்கள் வண்டி ஓடாமல் நின்றதால் 12 வோல்ட் பற்றரி பற்றியும் டயர் அழுத்தம் பற்றியும் செய்திகள் வருகின்றன. எந்தச் செய்திக்கு உடனே நிறுத்த வேண்டும், எதற்கு வீடு வரை ஓட்டலாம்? கடைசியாக, முச்சக்கர வண்டி ஒன்று குறுக்கே நுழையும் போதெல்லாம் வண்டி உரத்து ஒலிக்கிறது, பின்னால் அமர்ந்திருக்கும் அம்மா பதறுகிறார். இந்த உதவி வசதிகளை முழுவதுமாக அணைத்து வைப்பது சரியா?

பழைய கராஜ்காரர் பதிலளிக்கிறார்:

தம்பி, உங்கள் மூன்று கேள்விகளிலும் முதலாவதுதான் மிக முக்கியமானது. எச்சரிக்கைச் செய்தியைப் படிக்கப் பெரும்பாலும் நேரம் கிடைக்கும், கைப்பழக்கமோ யோசிப்பதற்குள் வேலை செய்துவிடும். ஐரோப்பியக் கார்களில் சிக்னல் இடப்பக்கத் தண்டில் இருக்கும். மெர்சிடிஸில் வைப்பரும் அதே தண்டில்தான். வலப்பக்கத் தண்டை முதல் தடங்கல் வரை மெல்லத் தள்ளினால் நியூட்ரல், அதைத் தாண்டி மேலே தள்ளினால் ரிவர்ஸ், கீழே அழுத்தினால் டிரைவ், நுனியில் உள்ள பொத்தானை அழுத்தினால் பார்க். ஓடும் வேகத்தில் ரிவர்ஸ் விழாதபடி தடுப்பு உண்டு, ஆனால் நியூட்ரலுக்குப் போவதற்குத் தடை இல்லை. தெஹிவளைச் சந்தியில் திரும்புவதற்குச் சிக்னல் போடுவதாக நினைத்து வலக்கையால் தண்டைத் தட்டினால், எஞ்சின் இரைந்தும் வண்டி இழுக்காது, சிக்னலும் எரியாது, பின்னால் வரும் பேருந்துக்கு உங்கள் எண்ணம் தெரியவும் செய்யாது. ஆகவே ஞாயிறு அதிகாலையில், வாகனங்கள் குறைந்த உள்வீதிகளில், இடக்கையால் மட்டுமே சிக்னல் போட்டுப் பழகுங்கள். தண்டைத் தொட்ட பிறகு திரையில் உள்ள கியர் எழுத்தை ஒருமுறை பார்க்கும் வழக்கமும் வர வேண்டும். நெரிசல் நேரத்துக்கு அதன் பிறகு போகலாம்.

கைப்பிரேக் வலது முழங்காலுக்கு மேலே உள்ள சிறிய மின்சுவிட்ச். பல கார்களில் இழுத்தால் பூட்டும், இதில் அழுத்தினால் பூட்டும், இழுத்தால் விடும்.

இனிச் செய்திகளுக்கு வருவோம். சிவப்பு என்றால் ஆபத்து, மஞ்சள் என்றால் கவனம், பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று இயங்குகிறது என்ற தகவல். இது ஏறக்குறைய எல்லாக் கார்களுக்கும் பொதுவானது. ஆனால் சிவப்பைக் கண்டவுடன் எஞ்சினை அணைப்பது எப்போதும் சரியல்ல, இதைப் பலர் கவனிப்பதில்லை. என்ஜின் ஒயில் அழுத்தம் பற்றியோ குளிர்நீர் அதிகம் சூடானது பற்றியோ சிவப்புச் செய்தி வந்தால், பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். குளிர்நீர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. பற்றரியின் சக்தி மிகவும் இறங்கிவிட்டால் வரும் செய்தியோ, வண்டியை நிறுத்துங்கள், எஞ்சினை ஓடவிடுங்கள் என்று சொல்கிறது. அப்போது பழக்கத்தில் எஞ்சினை அணைத்தால் மறுபடி இயங்காமல் போகலாம். செய்தி மறையும் வரை எஞ்சினை ஓடவிட்டு, மறைந்த பிறகே புறப்பட வேண்டும். எனவே நிறத்தைப் பார்த்தவுடன் முடிவெடுக்காமல், என்ன செய்யச் சொல்கிறது என்பதைக் கடைசி வரி வரை வாசியுங்கள்.

இரண்டு விளக்குகளில், எரிகிறதா சிமிட்டுகிறதா என்பது பொருளையே மாற்றிவிடும். வண்டி வழுக்காமல் காக்கும் ஈ.எஸ்.பி. அமைப்பின் மஞ்சள் முக்கோணம் ஓடும்போது சிமிட்டினால், சக்கரம் பிடிமானம் இழக்கிறது, கணினி அதைத் திருத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். மழை பெய்த முதல் சில நிமிடங்களில் கொழும்பு வீதிகளில் இதைக் காண்பீர்கள். அப்போது எக்சிலேட்டரிலிருந்து காலை மெல்லத் தளர்த்தினால் போதும். அதுவே விடாமல் எரிந்தால் அந்த அமைப்பில் கோளாறு. எஞ்சின் விளக்கு இதற்கு நேர்மாறு. விடாமல் எரிந்தால் சில நாட்களுக்குள் பரிசோதிக்கலாம், சிமிட்டினால் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள், தொடர்ந்து ஓட்டினால் புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிட்டிக் கன்வேர்ட்டர் பழுதாகும்.

கராஜில் யாராவது செய்தியை அழித்துவிட்டுத் திருத்திவிட்டேன் என்று சொன்னால் ஏற்காதீர்கள். ஸ்கானரில் வந்த கோளாறுக் குறியீட்டை எழுதி வாங்கிய பிறகே அழிக்க விடுங்கள். ஓகே பொத்தானை அழுத்தி மறைத்த செய்திகள்கூட, சாரதித் திரையின் சேவைப் பகுதியில் உள்ள செய்தி நினைவகத்தில் இருக்கும். ஸ்டியரிங்கின் இடப்பக்கத் தொடுபொத்தான் சாரதியின் முன்னுள்ள திரைக்கும், வலப்பக்கத் தொடுபொத்தான் நடுத்திரைக்கும் உரியவை என்று தெரிந்தால் அந்தப் பகுதியைக் கண்டுபிடிப்பது சுலபம்.

மாத்தறைப் பயணி பதிலளிக்கிறார்:

இங்கிலாந்திலிருந்து வந்த வண்டி என்று சொல்லியிருப்பதால், யாரும் தொடாத ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். அங்கே வேகம் மைலில் அளக்கப்படுகிறது. உங்கள் திரை இன்னும் மைலில் இருந்தால், வேகத்தைத் தானாகவே பேணும் குரூஸ் கட்டுப்பாட்டை 100 என்று வைக்கும்போது உண்மையில் மணிக்கு சுமார் 161 கிலோமீட்டர் வேகத்தைக் கேட்கிறீர்கள். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையின் உச்ச வேகம் 100 கிலோமீட்டர், மைலில் அது ஏறத்தாழ 62. நானும் கணவரும் மாத்தறைக்கு அடிக்கடி போய்வருகிறோம், இத்தகைய வண்டி ஒன்றை எங்கள் உறவினர் வாங்கியபோது அலகைக் கிலோமீட்டருக்கு மாற்றிய பிறகே நெடுஞ்சாலையில் ஏறச் சொன்னேன். அமைப்புகள் பகுதியில் வேக அலகு என்ற தெரிவு இருக்கும். முன்விளக்குகளை மாற்றத் தேவையில்லை, இங்கிலாந்திலும் இடப்பக்கமே ஓட்டுகிறார்கள்.

உதவி வசதிகளை முழுவதுமாக அணைப்பதை நான் ஏற்கமாட்டேன். உங்கள் அம்மாவைப் பதறவைப்பது பெரும்பாலும் மோதல் தவிர்ப்புப் பிரேக்கின் எச்சரிக்கை ஒலி. அதற்கு முன்கூட்டியே, நடுத்தரம், தாமதமாக என்று மூன்று நிலைகள் உண்டு. நகருக்குள் தாமதமாக என்பதில் வையுங்கள், ஒலி வெகுவாகக் குறையும், உண்மையான ஆபத்து வந்தால் வண்டி அப்போதும் உதவும். தடம் விலகுவதைத் திருத்தும் வசதி மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல்தான் இயங்கும், ஆகவே பம்பலப்பிட்டி நெரிசலில் அது உங்களைத் தொந்தரவு செய்யாது. களைப்பைக் கண்டறியும் வசதியும் அப்படியே. கோப்பைப் படத்தோடு ஓய்வெடுக்கச் சொல்லும் அந்தச் செய்தியை நெடுஞ்சாலையில் பார்த்தால், அடுத்த இளைப்பாறும் இடத்தில் கட்டாயம் இறங்குங்கள்.

கடும் மழையில் பிரேக் உதவி தற்போது வரையறுக்கப்பட்டுள்ளது என்று ஒரு செய்தி வரும். முன்புற நட்சத்திரச் சின்னத்தின் பின்னால் ராடாரும் முன்கண்ணாடிக்குப் பின்னால் கமராவும் இருப்பதால், தண்ணீரும் சேறும் அவற்றை மறைத்துவிடுகின்றன. மழை விட்டபின் தானாக மறைந்தால் அது பழுதல்ல. வெயில் நாளில் துடைத்த பிறகும் நின்றால் காட்டுங்கள்.

கொட்டாஞ்சேனைச் சாரதி பதிலளிக்கிறார்:

வாடகைக்கும் கம்பனிகளுக்கும் சொகுசுக் கார்களை ஓட்டுவதே என் தொழில். அக்கா சொன்னதில் ஒன்றோடு மட்டும் நான் உடன்படவில்லை. தாமதமாக என்ற நிலை நெரிசலுக்குப் பொருந்தும் என்றாலும், இந்த வண்டிக்குப் புதியவர் ஒருவர் முதல் சில வாரங்கள் நடுத்தரத்திலேயே வைத்திருப்பது நல்லது. இதன் நீளமும் அகலமும் டொயோட்டாவை விட அதிகம், முன்பக்கம் எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குப் பழகும் வரை அந்த ஒலி உதவியாகவே இருக்கும். அம்மாவுக்கு அதைப் பொறுமையாக விளக்கிச் சொல்லுங்கள், ஐயா.

நெரிசலில் உங்கள் காலுக்கு ஆறுதல் தரும் வசதி ஹோல்ட். வண்டி நின்றபின் பிரேக்கை இன்னும் கொஞ்சம் ஆழமாக அழுத்தினால் திரையில் அந்தச் சொல் தோன்றும், பிறகு காலை எடுத்துவிடலாம். எக்சிலேட்டரைத் தொட்டதும் வண்டி நகரும். சமிக்ஞை விளக்குகளில் இதைப் பயன்படுத்துங்கள். ஆனால் ஹோல்டில் விட்டு இறங்கக் கூடாது. கதவைத் திறந்தால் பார்க்குக்கு மாறும் ஏற்பாடு இருந்தாலும், அதை நம்பி இறங்குவது தொழில்முறைச் சாரதி செய்யும் வேலையல்ல.

பக்கக் கண்ணாடியில் சிவப்பு முக்கோணம் எரிந்தால் மறைவுப் பகுதியில் வாகனம் இருக்கிறது என்று பொருள். அது எரியாத போதும் திரும்பிப் பாருங்கள். ஆமர் வீதிப் பக்கம் இடைவெளிகளில் நுழையும் மோட்டார் சைக்கிள்களுக்கு எந்தக் கருவியையும் முழுமையாக நம்ப முடியாது.

வெள்ளவத்தைவாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. வேக அலகு மைலில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். டயர்களுக்குக் காற்று நிரப்பிய பிறகும் அழுத்தச் செய்தி போகவில்லை. பற்றரிச் செய்தியும் இரண்டு நாட்களுக்கு ஒருமுறை வருகிறது. நான் தினமும் கொழும்புக் கோட்டை வரை மட்டுமே போய்வருகிறேன்.

பழைய கராஜ்காரர்:

டயர் விடயத்தில் காற்று நிரப்புவது பாதி வேலைதான். பெற்றோல் மூடியின் உட்புறத்தில் ஒட்டியுள்ள அளவின்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்பிவிட்டு, சேவைப் பகுதியில் டயர் கண்காணிப்பை மறுதொடக்கம் செய்ய வேண்டும். புதிய அழுத்தத்தைச் சரியான அளவாக அது அப்போதுதான் ஏற்றுக்கொள்ளும். அதன் பிறகும் அதே டயருக்கு வந்தால் ஆணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். காற்றில்லாமலும் ஓடக்கூடிய டயர்களாக இருந்தால், 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் பழுதுபார்க்கும் இடம் வரை போகலாம். நிறைய ஆட்களும் பொதிகளும் இருந்தால் அந்தத் தூரம் வெகுவாகக் குறையும்.

பற்றரிக்கு உங்கள் பயணத் தூரமே காரணமாக இருக்கலாம். குளிரூட்டி, விளக்குகள், திரைகள் எல்லாம் இயங்கும்போது கோட்டை வரை ஊர்ந்து போகும் பயணத்தில் போதிய மின்னேற்றம் ஏறாது. சிவப்பு விளக்கில் எஞ்சின் தானாக அணையும் வசதி வேலை செய்யாமல் போவதும் பற்றரி இறங்குவதன் முன்னறிகுறிகளில் ஒன்று. எஞ்சின் தானாக அணையும் கார்களில் வரும் ஏ.ஜி.எம். வகைப் பற்றரிக்கு உரிய தானியங்கி மின்னேற்றியை ஓர் இரவு பூட்டி வையுங்கள். மறுநாளும் செய்தி வந்தால் புதிய பற்றரி வாங்கிவிடாமல், முதலில் அதன் நிலையையும் எஞ்சின் ஓடும்போது அதற்கு மின்னேற்றும் ஒல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.