ரோபோ ஆய்வின் முன்னோடிப் பெண்கள் பற்றித் தமிழில் ஏதும் இருக்கிறதா?

வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தரம் 10 பிள்ளைகள் கண்காட்சிக்கு இந்தத் தலைப்பைத் தாங்களே எடுத்திருக்கிறார்கள்.

ருசெனா பாய்ச்சி பற்றி எழுதியாயிற்று. 1979இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கிராஸ்ப் என்ற ரோபோ ஆய்வுகூடத்தைத் தொடங்கியவர். கமெரா சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் போதாது, தேவையானதைப் பார்க்க ரோபோ தானே நகர்ந்து தேட வேண்டும் என்றார். பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிட்டது. கொழுந்தெடுக்கிற அம்மாமாரின் கண்ணும் கையும் அப்படித்தானே!

அடுத்தது சிந்தியா பிரீசீல். 1990களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் முகபாவம் காட்டும் கிஸ்மெட் என்ற ரோபோவை உருவாக்கியவர். இவர்களைப் பற்றித் தமிழில் கட்டுரையோ வீடியோவோ இருந்தால் அனுப்புங்கள். பேராதனை பொறியியல் பீடத்துத் தங்கச்சிமார் யாராவது சூமில் அரை மணிநேரம் பேசினால் இன்னும் நல்லது. அப்புறம், பாவிக்காத சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கிற மோட்டார்) யாரிடமாவது கிடக்கிறதா?