ஒரே ஒரு பெண் இறாலுக்குத் தனிப் பேரினமா?

கடற்பாசி:
கல்லுளி நேற்று 'வாழும் தொல்லுயிர்' என்று தலைப்பு வைத்து இரண்டு இறால் படங்களைப் போட்டிருந்தார். படம் அருமை. தலைப்போடும் எனக்குச் சண்டை உண்டு, இரண்டும் தனித்தனிப் பேரினம் என்று படத்துக்குக் கீழே எழுதியதோடும் உண்டு.

கதை தெரியாதவர்களுக்கு: 1908-ல் ஆல்பட்ராஸ் என்ற அமெரிக்க ஆய்வுக் கப்பல் மணிலா விரிகுடாவுக்கு வெளியே, சுமார் 190 மீட்டர் ஆழத்தில் வலை இழுத்தபோது ஓர் இறால் சிக்கியது. இன்னதென்று யாரும் கண்டுகொள்ளாமல் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் 67 ஆண்டு கிடந்தது. 1975-ல்தான் ழாக் ஃபோரெஸ்ட், மிஷேல் த சேன் லோரான் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதற்கு நியோகிளிஃபியா இனோபினாட்டா என்று பெயர் வைத்தார்கள். இனோபினாட்டா என்றால் எதிர்பாராதது. அது சேர்ந்த, கல்லில் மட்டுமே கண்டிருந்த கிளிஃபியா என்ற இறால் கூட்டமே சுமார் 5 கோடி ஆண்டுக்கு முந்திய ஈயோசீன் காலத்தோடு முடிந்துவிட்டது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தார்கள்.

இதுவரை சரி. 2005-ல் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பவளக் கடலில், செஸ்டர்ஃபீல்ட் தீவுகள் பக்கம், இன்னொன்று கிடைத்தது. ஒரே ஒரு பெண். 2006-ல் ரிஷே த ஃபோர்ழ் என்ற ஆய்வாளர் அதை நியோகிளிஃபியாவின் இரண்டாவது சிற்றினமாக விவரித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஃபோரெஸ்ட் அதைப் பிரித்து, லோரான்டேகிளிஃபியா என்று தனிப் பேரினமாக்கிவிட்டார். உயிரோடு இருக்கும் சிற்றினங்களே இரண்டு, அந்த இரண்டுக்கும் தனித்தனிப் பேரினம்! பேரினம் என்பதே உறவுக்காரர்களை ஒரு கூரைக்குக் கீழே வைக்கத்தானே? ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுப்பதற்கா?

கல்லுளி:
படத்தை ரசித்த நீங்கள் உற்றுப் பார்க்கவில்லை. நியோகிளிஃபியா நீண்டு ஒல்லியானது, சேற்றுத் தரையில் வாழ்வது. மற்றது குட்டையாக, திரண்ட உடம்போடு, கடினமான தரையில் கிடைத்தது. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை இல்லை.

இன்னொன்று. நான் கல்லில் கிடைப்பதைப் பார்க்கிறவன். எங்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது தலைமார்பு ஓடு மட்டும்தான். அதில் ஓடும் பள்ளங்கள் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்பதை வைத்தே பேரினம் பிரிக்கிறோம். ஓட்டுத் துண்டுக்குப் பேரினம் கொடுக்கலாம், கண்ணும் காலும் வாலும் முழுசாக இருக்கும் உயிருக்குக் கொடுக்கக் கூடாதா?

சிங்கி:
நடுவில் ஒரு சந்தேகம். நம்ம ஊர் சிங்கி இறாலுக்கு இது என்ன முறை?

கல்லுளி:
வெகு தூரத்துச் சொந்தம். ஆனால் ஒரு காலத்தில் ஒரே வீட்டில் வைத்திருந்தார்கள். 2001-ல் வந்த மார்ட்டின், டேவிஸ் வகைப்பாட்டில்கூடக் கிளிஃபியாக்கள் சிங்கி இறாலோடு பாலினூரா என்ற பிரிவில்தான் இருந்தன. சிங்கிக்குக் கொடுக்கு கிடையாது, இவற்றுக்கும் நண்டைப்போல முழுக் கொடுக்கு கிடையாது. முன்காலின் கடைசிக் கணு மடங்கி, முந்தைய கணுவின் முள்ளோடு ஒட்டும், அவ்வளவுதான். பிறகு கிளிஃபைடியா என்று தனி உள்வரிசையாகவே, அதாவது பேரினத்தைவிடப் பெரிய தனிப் பிரிவாகவே, பிரித்துவிட்டார்கள்.

இவற்றின் நிஜச் சொந்தங்களெல்லாம் கல்லுக்குள். ஜெர்மனியின் திரயாசிக் காலச் சுண்ணாம்புக் கல்லில் பெம்ஃபிக்ஸ், ஓடெல்லாம் குமிழ் குமிழாக இருக்கும். அதே நாட்டின் ஸோல்ன்ஹோஃபன் பாறையில் மெக்கோகைரஸ், அதன் முன்கால்களைப் பார்த்தால் யாரோ பிடித்து இழுத்து நீட்டியது போலத் தோன்றும். சில பலகைகளில் அது கடைசியாக ஊர்ந்த தடமும், தடத்தின் முடிவில் அதுவும் சேர்ந்தே பதிந்திருக்கின்றன. எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே அப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான். கடைசி ஆள் டிராக்கிசோமா, இங்கிலாந்தின் ஷெப்பி தீவில், லண்டன் களிமண் என்ற படிவில் கிடைத்தது. சுமார் 5 கோடி ஆண்டு. அதற்குப் பிறகு 1908 வரை மௌனம்.

கடற்பாசி:
பள்ளத்தை வைத்துப் பிரித்த லட்சணம் தெரியாதா? 1835-ல் ஹெர்மன் ஃபொன் மையர் கிளிஃபியா என்று பெயர் வைத்தார். அதற்கப்புறம் ஜுராசிக், கிரெட்டேசியஸ் காலப் பாறைகளில் கொஞ்சம் சாயல் தெரிந்ததையெல்லாம் அந்தச் சாக்குக்குள் போட்டார்கள். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டியிருந்தது. ஓட்டை வைத்து அவசரப்பட்டதன் பலன். முழு உடம்பு கிடைத்தாலும் ஓர் உடம்பு ஓர் உடம்புதான். அந்தப் பெண் தன் இனத்துக்கே சற்று விலகிய ஆளாக இருந்தால்? 2010-ல் வந்த மரபணு ஆய்வும் இரண்டும் நெருங்கிய சொந்தம் என்றுதானே சொன்னது?

கல்லுளி:
நெருங்கிய சொந்தம் என்றால் ஒரே பேரினம் என்று அர்த்தமில்லை. உயிரோடு இருக்கும் மற்ற இறால்களோடு ஒப்பிட்டால் அவை நெருக்கமாகத்தான் தெரியும், வேறு போட்டிக்கு ஆளில்லையே! ஒற்றை மாதிரி என்று சொல்கிறீர்கள். நியோகிளிஃபியாவே ஒற்றை மாதிரியில்தான் தொடங்கியது. 1976-ல் பிரெஞ்சுக்காரர்கள் அதே பிலிப்பைன்ஸ் கடலுக்குப் போய் ஒன்பது பிடித்து வந்தார்கள். ஒன்றுகூட இந்தக் குட்டை உருவத்தில் இல்லை.

மேசைவிளக்கு:
நீங்கள் இருவரும் பேரினத்துக்கு அடித்துக்கொள்கிறீர்கள். எனக்கு உறுத்துவது 'வாழும் தொல்லுயிர்'. அழிந்துவிட்டது என்று எண்ணியிருந்த சீலகாந்த் மீனையும் இப்படித்தான் சொல்கிறார்கள். 1938-ல் தென்னாப்பிரிக்காவில் பிடிபட்டது கல்லில் கண்ட அதே மீன் இல்லை. அதற்கும் லாட்டிமேரியா என்று புதுப் பேரினம்தான் வைத்தார்கள். கூட்டம் பிழைத்தது, பழைய உயிர் அப்படியே பிழைக்கவில்லை. கிளிஃபியா ஆழமற்ற கடலிலும் வாழ்ந்தது, இவை இரண்டும் இருப்பது நூறு மீட்டருக்கும் கீழே. இடமே மாறியிருக்கிறது. ஆழ்கடல் படிவுகள் நம் கைக்கு எட்டும் பாறையாக வெளியே வருவது அபூர்வம், அதனால்தான் நடுவில் 5 கோடி ஆண்டு காணவில்லை. அந்த இடைவெளி நம் சேகரிப்பில் விழுந்த ஓட்டை.

கடற்பாசி:
இதைத்தான் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சரி கல்லுளி, அந்த ஒன்பதைப் பற்றிச் சொன்னது நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். பவளக் கடலிலிருந்து இன்னும் இரண்டு மூன்று வந்து, அவையும் இதே குட்டையாக இருந்தால் லோரான்டேகிளிஃபியாவை வாய் நிறையச் சொல்கிறேன். அதுவரை மேற்கோள் குறிக்குள்தான் எழுதுவேன். அந்தப் பெயர், மறைந்த மிஷேல் த சேன் லோரான் அம்மாவின் நினைவாக வைத்தது, அதனால் கிண்டல் மட்டும் செய்ய மாட்டேன். நீங்கள் பதிலுக்கு அந்தத் தலைப்பை எடுத்துவிடுங்கள்.

கல்லுளி:
எடுக்க மாட்டேன். அதைப் பார்த்துத்தானே நீங்களே உள்ளே வந்தீர்கள்!