விடியுமுன் கத்தும் பறவைகள்: விரட்டுவதா, சன்னலை அடைப்பதா?

கூரைமேல்:
சூரியன் வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே சன்னலோரத்துல கச்சேரி ஆரம்பிச்சுடுது, தூக்கம் போச்சுன்னு யார் கேட்டாலும் இங்கே ஒரே பதில்தான்: "காதை அடைச்சுக்கோ." அது தீர்வே இல்லை. சத்தம் எங்கிருந்து வருதோ அங்கே கை வைக்கணும். வலை, கூர்முனைப் பட்டை, மின்னும் நாடா, பொம்மை ஆந்தை, மனுஷக் காதுக்குக் கேட்காத உயர்ந்த ஒலியை எழுப்புற மீயொலிக் கருவி என்று வழிகள் நிறைய இருக்கு. மறுக்கிறவங்க காரணம் சொல்லி மறுக்கட்டும்.

ஒலிமானி:
சொல்கிறேன். மீயொலிக் கருவியில் இருந்து தொடங்குவோம். பறவைகளுக்குக் காது கூர்மையாக இருப்பது 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை. 10,000-ஐத் தாண்டினால் பெரும்பாலான பறவைகளுக்கு எதுவும் கேட்காது. மீயொலி தொடங்குவதே 20,000-ல். அந்தக் கருவியின் மேலேயே உட்கார்ந்து பாடினாலும் பறவைக்குத் தெரியப்போவதில்லை. பொம்மை ஆந்தை அசையாது, பாயாது. சில நாளில் பயம் தெளிந்துவிடும். தினம் இடம் மாற்றி வைத்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். மின்னும் நாடாவும் அப்படித்தான், அதோடு அது மின்ன வெயில் வேண்டும். நீங்கள் கேட்பது விடியுமுன் வரும் சத்தத்துக்கு.

கூரைமேல்:
சரி, அந்த மூணையும் விட்டுடலாம். வலையும் கூர்முனையும்?

மரநிழல்:
கூர்முனை புறா அளவுப் பறவைக்குத்தான். சிட்டுக்குருவிக்கு அதுவே கூடு கட்ட வசதியான சாரம். 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், நெதர்லாந்தின் ராட்டர்டாமில் காகமும் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் மேக்பை என்ற காக்கைக் குடும்பப் பறவையும் கட்டடத்துக் கூர்முனைப் பட்டைகளையே கொண்டு கூடு கட்டியிருந்ததைக் காட்டினார்கள். மேக்பை அந்த முனைகளைக் கூட்டின் கூரையில் வெளிப்பக்கம் நீட்டி வைத்திருந்தது, வேறு பறவை முட்டையைத் திருட வராமல் இருக்க! நம்மைவிடச் சரியாகப் பயன்படுத்தியிருக்கிறது.

வலை வேலை செய்யும், ஒரு நிபந்தனையோடு. சத்தம் உங்கள் சன்னல் விளிம்பிலோ பால்கனியிலோ ஏசி பெட்டிக்குப் பின்னாலோ கூடு வைத்த பறவையிடமிருந்து வந்தால் மட்டும். எதிரே மரத்தில் பாடுகிற குயிலுக்கு எங்கே வலை கட்டுவீர்கள்? மரத்தை வெட்டச் சொல்கிறவர்களும் உண்டு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. ஒரு மரம் போனால் அடுத்த மரத்திலிருந்து பாடும். விடியலில் காற்று அடங்கி இருக்கும், வேறு சத்தமும் குறைவு, குரல் நன்றாகப் போய்ச் சேரும். இரை தேட வெளிச்சம் போதாத நேரம் என்பதால் வேறு வேலையும் கிடையாது. எல்லையைக் காட்டவும் இணையைக் கூப்பிடவும் அதைவிட நல்ல நேரம் ஏது? இனப்பெருக்கக் காலம் முடிந்தால் பெரும்பாலான இனங்கள் தானே அடங்கிவிடும்.

ஒலிமானி:
அதனால்தான் சன்னலை அடைக்கச் சொல்கிறேன். கணக்கு எளிது. வெளியே சன்னலருகில் 70 டெசிபல் என்று வையுங்கள். சற்றுத் திறந்த சன்னல் ஏறத்தாழ 15 டெசிபல் குறைக்கும். கட்டிலுக்கு 55 வந்து சேரும். நன்றாக மூடும் சாதாரண ஒற்றைக் கண்ணாடி 25-க்கு மேல் குறைக்கும். 45-க்குக் கீழே வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 1999-ல் தந்த வழிகாட்டி, படுக்கையறைக்குள் இரவில் தனித்தனியாக எழும் சத்தம் 45-ஐத் தாண்டக் கூடாது என்றது.

இதில் எல்லாரும் சறுக்கும் இடம் இடுக்கு. சன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், கண்ணாடி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. கண்ணாடியை மாற்றச் செலவழிக்குமுன் சட்டத்தைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கைப் பாருங்கள். மூடிய கதவில் ஒரு தாளைச் செருகி இழுங்கள்; தடையில்லாமல் வந்தால் அங்கே ஒழுகுகிறது. கீல் வைத்த கதவுக்கு ரப்பர் பீடிங், ஸ்லைடிங் சன்னலுக்கு நெருக்கமான பிரஷ் பட்டை. ஸ்லைடிங் சன்னல் எப்படியும் ஒரு படி மட்டம்தான்.

அதற்கு மேலும் வேண்டுமென்றால் உள்பக்கம் இரண்டாவது சன்னல், நடுவே 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் காற்றிடைவெளி விட்டு. இரண்டு கண்ணாடியும் ஒரே தடிமன் கூடாது, ஒன்று 4 மி.மீ. என்றால் மற்றது 6. ஒரே தடிமனாக இருந்தால் இரண்டும் ஒரே அலைவெண்ணில் கோட்டை விடும்.

கூரைமேல்:
எல்லாத்தையும் அடைச்சுட்டுக் காத்துக்கு என்ன பண்றது? ராத்திரி சன்னல் திறந்து படுக்கிறவங்களுக்கு உங்க மொத்தக் கணக்கும் வீண். காலையில அறை புழுங்கி, தலை கனத்து எழுந்திருக்கிறதைவிடக் குயிலே மேல்.

அரைத்தூக்கம்:
அது நியாயமான கேள்வி. ஆனால் இரண்டு பேருமே எழுப்புவது சத்தம்தான் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். ஆழ்ந்த தூக்கம் இரவின் முதல் பகுதியிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். விடியலில் இருப்பது கனவுத் தூக்கமும் மேலோட்டமான தூக்கமும்தான். அந்த நேரத்தில் மூடிய இமை வழியாகவே வெளிச்சம் எழுப்பத் தொடங்கிவிடும். கண் விழித்த பிறகு காதில் விழும் முதல் சத்தம் பறவை, பழி அதன் மேல்.

பிரித்துப் பார்ப்பது சுலபம். இரண்டு இரவு கண்பட்டி மட்டும், அடுத்த இரண்டு இரவு இயர்பிளக் மட்டும். கண்பட்டியிலேயே தூக்கம் நீண்டால் சன்னலுக்குச் செலவு வேண்டாம், கனத்த இருட்டுத் திரை போதும். திரை சுவரோடு இரண்டு பக்கமும் 15 செ.மீ. ஏறிப் படிய வேண்டும். மேலே கம்பிக்கும் சுவருக்கும் நடுவே கசியும் வெளிச்சத்தையும் மறைக்க வேண்டும். அதை விட்டால் திரை போட்டும் அறை வெளுக்கும்.

ஒலிமானி:
திரை வெளிச்சத்துக்கு மட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'சத்தம் தடுக்கும் திரை' என்று விற்பதெல்லாம் அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே.

மரநிழல்:
இருட்டுத் திரையில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. உள்ளே இருட்டாகி வெளியே வெளுத்தால் கண்ணாடி வெளிப்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும். கூடு கட்டும் பருவத்தில் ஆண் பறவை தன் பிம்பத்தையே போட்டிக்காரன் என்று எண்ணி டக் டக் என்று கொத்தும், ஓய்ந்து போய் மறுபடி வரும். இதற்கு உள்ளே என்ன மாட்டினாலும் பயன் இல்லை. வெளிப்பக்கம் காகிதம் ஒட்டுங்கள், அல்லது சோப்பைக் குழைத்துப் பூசி மங்கலாக்குங்கள். பருவம் முடிந்ததும் கழுவிவிடலாம்.

இரவு முழுக்க எரியும் வெளிவிளக்கையும் அணையுங்கள். விளக்கொளி பட்ட இடத்தில் சில இனங்கள் வழக்கத்தைவிட முன்னதாகவே பாடத் தொடங்கும். தீனித் தட்டும் தண்ணீர்ச் சட்டியும் படுக்கையறைப் பக்கம் இருந்தால் வீட்டின் மறுபக்கம் மாற்றுங்கள். சிந்திய தானியத்தை மாலையே கூட்டிவிடுங்கள்.

கூரைமேல்:
சன்னலைத் திறந்து வைக்கிறவங்களுக்கு இன்னும் பதில் வரலை.

ஒலிமானி:
அவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, மேலே வேறு சத்தத்தைப் போர்த்துவது. இங்கேயும் அலைவெண் பொருந்த வேண்டும். சிறு பறவைகளின் கீச்சு பெரும்பாலும் 2,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ். புறாவின் முனகல் 1,000-க்கும் கீழே. குயில் இரண்டுக்கும் நடுவில். கனத்த உறுமலாக வரும் 'பிரவுன் நாய்ஸ்' கீச்சை மறைக்காது, அதற்கு மழை இரைச்சல் போன்ற 'வெள்ளை' அல்லது 'பிங்க்' ஒலி வேண்டும். புறாவுக்கு நேர் எதிர். கருவியைத் தலைமாட்டில் வைக்காமல் சன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவே வையுங்கள். காலையில் திடீரென்று போடாமல் படுக்கும்போதே குறைவான அளவில் ஓடவிடுங்கள்.

மற்றது ஃபோம் இயர்பிளக். பொட்டலத்தில் 30-க்கு மேல் டெசிபல் போட்டிருக்கும். அரைகுறையாகச் செருகினால் அதில் பாதி கிடைத்தாலே அதிகம். மடிக்காமல் உருட்டி மெல்லிய குச்சியாக்குங்கள். மடிப்பு விழுந்தால் அந்தக் கோடு வழியே சத்தம் உள்ளே வரும். எதிர்க் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, விரிந்து நிரம்பும்வரை 20, 30 விநாடி விரலால் பிடித்திருங்கள். பிறகு இரு காதையும் உள்ளங்கையால் பொத்துங்கள். வெளிச்சத்தம் மேலும் சட்டென்று குறைந்தால் சரியாக அடைக்கவில்லை, திரும்பப் போடுங்கள். ஃபோம் கீச்சை நன்றாக வெட்டும், புறா முனகலை அவ்வளவாக வெட்டாது.

அரைத்தூக்கம்:
காதில் சீழோ வலியோ உள்ளவர்களும், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களும் போடக் கூடாது. குளித்த ஈரக் காதிலும் வேண்டாம். தினம் போட்டால் குறும்பி உள்ளே தள்ளப்பட்டு அடைக்கும். உருட்டியது பழையபடி உப்பவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள். புகை எச்சரிக்கை மணியும் உயர்ந்த சுருதியில்தான் அடிக்கும், இயர்பிளக் அதையும் அமுக்கும். மணி படுக்கையறைக்குள்ளேயே இருக்கட்டும்.

கூரைமேல்:
குயிலுக்கு நீங்க சொல்றது சரிவரலாம். விளிம்புல உட்கார்ற புறாவுக்கு நான் வலைதான் சொல்வேன், அதுல மாற்றம் இல்லை. முனகலை ஃபோம் வெட்டாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க.

மரநிழல்:
புறாவுக்கு வலை என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை, கட்டும் விதத்தில்தான். வலைக் கண்ணியின் அளவு புறாவுக்கு 50 மி.மீ., மைனா அளவுக்கு 28, சிட்டுக்குருவிக்கு 19. சுற்றிலும் கம்பி ஓட்டி முறுக்கேற்றி, வலையை அதில் விறைப்பாகக் கட்ட வேண்டும். தொய்ந்தால் பறவை கால் சிக்கித் தொங்கும், சத்தம் இன்னும் மோசமாகும்.

கட்டுமுன் கூடு இருக்கிறதா பாருங்கள். முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கலைப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம், வலைக்குள் குஞ்சு மாட்டினால் தாய் வெளியே நின்று அலறும். புறா முட்டை பொரிய சுமார் 18 நாள், குஞ்சு பறக்க மேலும் ஒரு மாதம். முதல் குஞ்சு பறக்குமுன்பே அடுத்த முட்டையை இட்டுவிடுவதும் உண்டு, அதனால் குஞ்சு பெரிதானதிலிருந்து தினம் எட்டிப் பாருங்கள். கூடு காலியான அன்றே எடுத்துவிட்டுக் கட்டுங்கள். காய்ந்த எச்சத்தை அப்படியே சுரண்டாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, மூக்கை மூடும் முகக்கவசமும் கையுறையும் போட்டுத் துடையுங்கள்.