எஞ்சின் கம்ப்யூட்டர்: பெட்டிக்கு ஒரு சொல் போதும், ‘கோடிங்’குக்கு மூன்று வேண்டும்

வணக்கம் நண்பர்களே,

வண்டியின் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டிக்கு (ECU) அகராதியில் என்ன தமிழ்ச் சொல் போடுவது என்ற இந்த இழை முழுக்கப் பெட்டிக்குப் பெயர் வைப்பதிலேயே போய்க்கொண்டிருக்கிறது. நான் ஆட்டோ எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறவன், வேன்களும் சிறு சரக்கு வண்டிகளும்தான் என்னிடம் அதிகம் வரும். பெட்டிக்காவது பட்டறையில் ஏதோ ஒரு பெயர் இருக்கிறது. அதை மாற்றிய பிறகு செய்ய வேண்டிய வேலைகளுக்குத்தான் பெயரே இல்லை, அதனால் பணம் போகிறது, சண்டை வருகிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சரி, முதலில் பெட்டியை முடித்துவிடலாம்.

> இயந்திரக் கட்டுப்பாட்டு அலகு என்று ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறது, பிழையும் இல்லை. ஆனால் பிரேக்குக்கு ஒரு கட்டுப்பாட்டு அலகு, ஏர்பேக்குக்கு ஒன்று, கதவு விளக்குகளுக்கு ஒன்று என்று ஒரே வண்டியில் பல இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இவ்வளவு நீளமாகப் பெயர் வைத்தால் பில்லில் எழுத இடம் போதாது, வாயிலும் நிற்காது. அலகு என்றதும் எல்லோருக்கும் மீட்டரும் கிலோகிராமும்தான் நினைவுக்கு வரும்.

> பொறியாளி எப்படி? சுருக்கமாக இருக்கிறது.

இலங்கையில் ஆளி என்றால் ஸ்விட்ச், பாடப்புத்தகத்திலேயே அப்படித்தான். அங்கே ஒருவர் பொறியாளி என்று படித்தால் எஞ்சினை நிறுத்துகிற ஸ்விட்ச் என்று எடுத்துக்கொள்வார். இங்கே வேகமாகச் சொன்னால் பொறியாளர் என்று காதில் விழும். எஞ்சினுக்குப் பொறி என்ற சொல்லைப் போடுவதிலேயே எனக்குத் தயக்கம் உண்டு, பெட்ரோல் வண்டியில் பிளக்கில் வருவதும் பொறிதான். ‘பொறி வரவில்லை, பொறிக்கணினியைப் பார்’ என்று ஒரு பையனிடம் சொன்னால் அவன் எதைப் பார்ப்பான்?

> எங்கட கராஜ்களில கொம்பியூட்டர் பெட்டி எண்டுதான் சொல்லுவினம்.

யாழ்ப்பாண நண்பர் எழுதிய இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கேயும் ‘கம்ப்யூட்டர் போயிடுச்சு’ என்பதுதான் வழக்கு, கொஞ்சம் படித்தவர்கள் ஈசிஎம் (ECM, அதே பெட்டியின் ஆங்கிலச் சுருக்கம்) என்பார்கள். உண்மையிலேயே அது கணினிதான். கிராங்க் எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது, ரெயிலில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கும் பொதுக் குழாயில், அழுத்தம் எவ்வளவு, மிதி எவ்வளவு அழுந்தியிருக்கிறது, தண்ணீர் எவ்வளவு சூடு என்று சென்சார்களிடம் வாங்கி, டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர்களில் எதை எப்போது எத்தனை மில்லிசெகண்ட் திறப்பது என்று ஓயாமல் கணக்குப் போடுகிறது. ‘பெட்டி’ என்பதை மட்டும் விட்டுவிடலாம் என்பேன். சில டொயோட்டா ஹைஏஸ் டீசல் வான்களில் கணக்குப் போடுவது ஒரு பெட்டி, இன்ஜெக்டருக்கு உயர் வோல்ட் கொடுத்துத் திறப்பது தனியாக இன்னொரு பெட்டி. கணினி என்றால் முதலாவதை மட்டும்தான் குறிக்கும். ஆகவே என் ஓட்டு ‘எஞ்சின் கணினி’க்கு. எஞ்சின் என்ற பாதி வெளிச்சொல்லாக இருக்கிறதே என்று சிலர் வருந்தலாம், எனக்கு வருத்தமில்லை. வேன் ஓட்டுகிறவருக்கு ஒரே தடவையில் புரிய வேண்டும்.

இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை விதி வந்த பிறகு, டீசலோ பெட்ரோலோ கேஸோ, புதிய வேன் எதுவும் எஞ்சின் கணினி இல்லாமல் விற்பனைக்கு வருவதில்லை. அதனால் இது சொகுசுக் காரைப் பற்றிய பேச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். கேன் தண்ணீர் போடுகிறவர், கேட்டரிங்காரர், காய்கறி ஏற்றுகிறவர், இவர்களுடைய பிழைப்பைப் பற்றிய பேச்சு.

இப்போது ‘கோடிங்’, அதாவது கணினியை மாற்றிய பிறகு செய்கிற எல்லா வேலைக்கும் பட்டறையில் சொல்கிற ஒரே பெயர். கேன் தண்ணீர் போடுகிற ஒருவருடைய டீசல் வேன் மழைக்காலத்தில் தகராறு செய்ய ஆரம்பித்தது. ஒரு நாள் ஸ்டார்ட் ஆகும், ஒரு நாள் செல்ஃப் மட்டும் அடிக்கும், ஓடிக்கொண்டிருக்கும்போதே கட் ஆகும். ஸ்கேனர் மாட்டினால் சில நேரம் பேசும், சில நேரம் பேசாது. வயர்களைக் கணினியோடு சேர்க்கும் கப்ளர் வழியாகத் தண்ணீர் இறங்கிப் பின்கள் பச்சை பூத்திருந்தன. வேறொரு பட்டறையில், அதே பார்ட் நம்பர் உள்ள பழைய கணினி ஒன்றை வாங்கி மாட்டினார்கள். வண்டி கிளம்பவில்லை. ‘கோடிங் போடணும்’ என்று பணம் வாங்கினார்கள். அப்புறமும் கிளம்பவில்லை, சாவி விளக்கு மட்டும் மினுக்கியது. மறுபடி ‘கோடிங்’, மறுபடி பணம். இப்போது கிளம்பியது, ஆனால் ஐடிலில் கட கட என்று சத்தம், புகை. மூன்றாவது பில்லிலும் ‘கோடிங்’ என்றே எழுதியிருந்தது. ஒரே வேலைக்கு மூன்று முறை பணம் பிடுங்கிவிட்டார்கள் என்று அவர் கொதித்துப்போய் என்னிடம் வந்தார். பில்லைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். செய்யப்பட்டதோ மூன்று வேறு வேறு வேலை.

முதலாவது, அந்தக் கணினிக்குள் இந்த வண்டிக்கு உரிய மென்பொருளை எழுதியது. பட்டறையில் ஃப்ளாஷ் போடுவது என்பார்கள். இதற்கு ‘நிரலேற்றம்’ என்று வைக்கலாம். ஏற்றும்போது பேட்டரி வோல்ட் இறங்கக் கூடாது, பக்கத்தில் சார்ஜர் போட்டு வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். பாதியில் நின்றால் கணினி எழுந்திருக்காமலே போகலாம். இந்த அபாயம் மற்ற இரண்டு வேலைகளில் இந்த அளவுக்கு இல்லை, அதனாலேயே இதற்குத் தனிப் பெயர் வேண்டும் என்கிறேன்.

இரண்டாவது சாவி சம்பந்தப்பட்டது. சாவித் தலைக்குள் பேட்டரி இல்லாத சின்ன சிப் இருக்கிறது, இக்னிஷன் பூட்டைச் சுற்றியிருக்கும் வளையம் அதற்கு மின்சாரத்தையும் கொடுத்து அடையாளத்தையும் படிக்கிறது. அந்த அடையாளமும், வண்டி ரகசியமாக வைத்திருக்கும் எண்ணும், எஞ்சின் கணினியிடம் இருப்பதும் ஒத்துப்போனால்தான் டீசல் விடப்படும். வேறு வண்டியில் இருந்து வந்த கணினிக்கு இந்தச் சாவியைத் தெரியாது.

> ‘இணைத்தல்’ போதாதா?

போதாது. வயரை மாட்டுவதும் இணைத்தல், போனில் ப்ளூடூத் சேர்ப்பதும் இணைத்தல். இங்கே நடப்பது இந்தக் கணினிக்கு இந்த வண்டி, இந்தச் சாவி என்று கட்டிப்போடுவது. ‘சாவிப் பிணைப்பு’ என்று எழுதினால் பில்லைப் படிக்கிறவருக்கும் என்ன நடந்தது என்று தெரியும். சாவி ஒத்துப்போகாவிட்டால் கிளம்பவிடாமல் செய்கிற அந்த ஏற்பாட்டுக்கு (இம்மொபிலைசர்) இழையில் முன்பு ஒருவர் சொன்ன ‘முடக்கி’யே நன்றாக இருக்கிறது, திருட்டுத் தடுப்பி என்றால் சத்தம் போடுகிற அலாரத்தோடு குழம்பிவிடும்.

மூன்றாவதைத்தான் பல பட்டறைகள் செய்யாமலே வண்டியைக் கொடுத்துவிடுகின்றன. காமன் ரெயில் இன்ஜெக்டர்கள் ஒரே மாதிரி தெரிந்தாலும் தெளிக்கிற அளவில் துளி வித்தியாசம் இருக்கும். தொழிற்சாலையில் அதை அளந்து, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியாக இன்ஜெக்டரின் தலையிலேயே பொறித்துவிடுகிறார்கள். அந்தக் குறியை ஸ்கேனர் வழியாகக் கணினிக்குச் சொல்லாவிட்டால் அது வேறு யாருடைய இன்ஜெக்டருக்கோ கணக்குப் போடும், சத்தமும் புகையும் வரும். பெட்ரோல் வண்டியில் த்ராட்டில் நிலையை மறுபடி கற்றுக்கொடுப்பதும் இதே வகைதான். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘பழக்குதல்’ என்று வைக்கலாம், புது மாட்டை வண்டியில் பூட்டிப் பழக்குவது போலத்தான்.

> குளோனிங் என்பதற்கு உயிரியலில் இருக்கும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் என்பேன். பழைய கணினியின் நினைவகத்தைப் படித்து அப்படியே மாற்றுக் கணினியில் எழுதுவது ‘படியெடுப்பு’, அவ்வளவுதான். இந்தச் சொல் பரவினால் பலருக்குப் பணம் மிஞ்சும். மென்பொருள், சாவி ரகசியம், இன்ஜெக்டர் குறிகள், வண்டியின் 17 எழுத்து அடையாள எண் எல்லாம் பழையதன் நினைவகத்தில்தான் இருக்கின்றன, முழுசாகப் படிக்க முடிந்தால் மேலே சொன்ன மூன்று வேலையும் பெரும்பாலும் ஒன்றாகவே முடிந்துவிடும். தண்ணீர் புகுந்த கணினியிலும் நினைவக சிப் பல சமயம் நன்றாகவே இருக்கும். அந்த கேன்காரருடைய பழைய கணினியை அந்தப் பட்டறை பழைய இரும்போடு சேர்த்துப் போட்டுவிட்டது, எனக்கு அதுதான் ஆறவில்லை.

இன்னொன்று. ‘கம்ப்யூட்டர் போயிடுச்சு’ என்று தீர்ப்பு சொல்வதற்கு முன் மெயின் ரிலே, ஃபியூஸ், எர்த் மூன்றையும் பார்க்க வேண்டும். சென்சார்களுக்குக் கணினி கொடுக்கிற 5 வோல்ட் லைனையும் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏதாவது ஒரு சென்சார் ஷார்ட் ஆகி அந்த லைனை இழுத்துப் பிடித்துக்கொண்டால் நல்ல கணினியே செத்தது போல் கிடக்கும். ஒவ்வொரு கப்ளராகக் கழற்றினால் எதைக் கழற்றும்போது வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி. ஸ்கேனர் பேசவில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனர் சாக்கெட்டில் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் இடையே, அதாவது கணினிகள் பேசிக்கொள்ளும் இரண்டு வயர்களுக்கு இடையே, அளந்து பாருங்கள், சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 என்றால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது, கணினி மேல் பழி போடாதீர்கள். அகராதிப் பதிவில் எஞ்சின் கணினிக்குக் கீழே விளக்கம் எழுதுகிறவர்கள் இந்த இரண்டு வரியையாவது சேர்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்ஜெக்டர் தலையில் இருக்கும் அந்தக் குறிக்கு மட்டும் நல்ல சொல் அமையவில்லை. இப்போதைக்குத் ‘திருத்தக்குறி’ என்று வைத்திருக்கிறேன், ஆனால் பிழை திருத்துவது போல் ஒலிக்கிறது. டீசல் பம்ப் சர்வீஸ் கடைகளில் வேலை பார்க்கிறவர்கள் இங்கே யாராவது இருந்தால், அங்கே அதை என்னவென்று சொல்கிறார்கள் என்று எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.