இரண்டு பிரேக்கும் போக வேண்டும் என்றால், பரம்பரையாக ஏன் வருகிறது? விளக்க உதவுங்கள்

வணக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற, குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோய் பரம்பரையாக வருவதை விளக்கும்போது ஒரு இடத்தில் திணறுகிறேன்.

ஆர்பி மரபணு, செல் பிரிவதற்குப் போடும் பிரேக். அதன் புரதம், டிஎன்ஏ நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் ஈ2எஃப் என்ற புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும் வரை செல் டிஎன்ஏவை நகலெடுக்கத் தொடங்காது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள். இரண்டும் பழுதானால்தான் விழித்திரையில் கட்டி வரும் என்பது 1971-ல் மரபியலாளர் நட்சன் முன்வைத்த கருத்து. ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரியுமே, அந்த நோய். சைக்கிளின் முன், பின் பிரேக்கைக் காட்டி இதுவரை புரியவைத்துவிட்டேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “செல்லுல ரெண்டும் போகணும்னா, குடும்பத்துல மட்டும் ஏன் சார் இது ஓங்குபண்பு மாதிரி, ஒரு பிரதி பழுதா வந்தாலே போதும்ங்கிற மாதிரி வருது?” பெற்றோரிடமிருந்தே ஒரு பிரதி பழுதாக வந்த குழந்தைக்கு எல்லாச் செல்லிலும் ஒன்றுதான் மிச்சம்; விழித்திரையில் அத்தனை லட்சம் செல்கள் உருவாகும்போது, ஏதோ ஒன்றில் மிச்சமிருக்கும் பிரதியும் போய்விடும் என்றேன். அவள் முகம் தெளியவில்லை. அருமையான கேள்வி, அப்படியே விட மனசில்லை.

புளியங்கொட்டை, சோழி என்று எதையாவது வைத்து வகுப்பிலேயே செய்துகாட்ட வழி இருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மறுபடி அந்த வகுப்பு.