ஹைபிரிட் வாகன ஏசி: நீங்களே கை வைச்சனீங்களோ, கராஜில விட்டனீங்களோ?

கோண்டாவிலான்:
என்ர வாகனம் டொயோட்டாவின்ர ஹைபிரிட் கார், 2வது தலைமுறை பிரியஸ். கொழும்பால வரேக்கை மாங்குளத்துக்குக் கிட்ட குளிர் நிண்டு சூடான காத்து வரத் தொடங்கீட்டுது. காஸ் குறைஞ்சிருக்கு எண்டு விளங்குது. சின்னச் சின்ன வேலையள் நானே செய்யிறனான், காஸ் அமுக்கம் பாக்கிற கேஜ் செட்டும் இருக்கு. எண்டாலும் ஒருக்கா கேப்பம் எண்டு கராஜ் ஒண்டுக்குப் போனன். அங்க பெடியன் பொனட்டைத் திறந்த கையோட ஒயில் போத்தலின்ர மூடியைத் திருகீட்டான். வாங்கி லேபிளைப் பாத்தா பிஏஜி 46, சாதாரண வாகன ஏசிக்கு ஊத்துற ஒயில். "தம்பி, இதுக்கு மின்சாரம் கசியவிடாத என்டி-ஒயில் 11 எல்லோ?" எண்டன். "எல்லா வாகனத்துக்கும் இதுதான் அண்ணை ஊத்துறது, ஒண்டும் ஆகாது" எண்டான். அப்பிடியே வாகனத்தைத் திருப்பிக்கொண்டு வந்திட்டன். எனக்கு முதல் எத்தினை பேரின்ர ஹைபிரிட்டுக்கு அந்தப் போத்தலால ஊத்தியிருப்பான்? அதுதான் மனசுக்குள்ள கிடந்து அரிக்குது. இப்ப நானே செய்யிறதோ, வேற இடம் தேடுறதோ?

முறிகண்டி ராசன்:
நீங்களே செய்யுங்கோ. என்ர சுசுக்கி வேகன் ஆரும் ஹைபிரிட்தான், வீட்டு முற்றத்தில வைச்சு நானே காஸ் அடிச்சனான். உச்சி வெயிலுக்கை கேனில வெள்ளையாப் பனி பிடிச்சது. மகள் தொட்டுப் பாக்க ஓடி வர, கையைத் தட்டிவிட்டன். பட்டிருந்தா தோல் பொசுங்கியிருக்கும். அந்தக் காஸ் -26 பாகையில கொதிக்கிறது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் போடுங்கோ. மற்றபடி சாதாரண ஒயில்தான், இண்டைக்கும் நல்ல குளிர்.

வவுனியா மின்னியலாளன்:
ராசன் அண்ணை, தயவுசெய்து இதையும் அதையும் ஒண்டாக்காதேங்கோ. உங்கட வேகன் ஆரில காஸை அமுக்கிற கொம்பிரசர் எஞ்சின் பெல்ட்டில சுத்துது. பிரியஸில பெல்ட்டே இல்லை. 201.6 வோல்ற் பற்றரியின்ர கரண்டில மோட்டர் ஓடுது. அந்த மோட்டரின்ர செப்புச் சுருள் காஸும் ஒயிலும் ஓடுற அதே அறைக்குள்ளதான் கிடக்குது. பிஏஜி கலந்தால் மின்காப்பு குறைஞ்சு மின்சாரம் வாகனத்தின்ர உடம்புத் தகட்டுக்குக் கசியும். கொம்பியூட்டர் அதைக் கண்டுபிடிச்சு பி0ஏஏ6 எண்டு பிழைக் கோட் போடும்.

மச்சானின்ர டொயோட்டா அக்குவா ஹைபிரிட்டுக்கு நடந்தது இதுதான். சிவப்பு முக்கோணம் எரிஞ்சுகொண்டே வீடுவரைக்கும் ஓடினது. நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப ஸ்டார்ட் பொத்தானை அமத்தினால் ஓடத் தயார் எண்டு காட்டிற 'ரெடி' லைற் வரேல்லை. கொம்பிரசரும் மாத்தி, லைனும் கழுவித்தான் சரிவந்தது.

கோண்டாவிலான், நீங்கள் கேக்காட்டியும் சொல்லுறன். டாஷ்போட் பெட்டிக்குப் பின்னால இருக்கிற பில்டர், காஸைக் குளிரவைக்கிற கொண்டென்சரில அடைஞ்ச தூசி, பின்சீட்டுப் பக்கம் பற்றரி காத்து இழுக்கிற துவாரம் எல்லாம் நீங்களே துப்பரவாக்கலாம். பற்றரி குளிருறதும் உள்ளுக்க இருக்கிற அதே காத்தில எண்டபடியால் ஏசி திருத்திற வேலையை இழுத்தடிக்காதேங்கோ. கூடின வோல்ற் போற செம்மஞ்சள் வயர் உள்ள இடத்தில கை வைக்கிறதெண்டால் 12 வோல்ற் பற்றரியின்ர நெகற்றிவ்வைக் கழட்டி, டிக்கியில இருக்கிற, பெரிய பற்றரியைத் துண்டிக்கிற சேர்விஸ் பிளக்கை இழுத்துச் சட்டைப் பைக்குள்ள வையுங்கோ, வேற ஆள் திருப்பிக் கொழுவக் கூடாது. 10 நிமிசமாவது பொறுத்து, 1000 வோல்ற் தாங்கிற கையுறையோட மீற்றர் வைச்சு அளந்துபோட்டுத் தொடுங்கோ. ஓட்டை அடைக்கிற மருந்து கலந்த கேன் மட்டும் வேண்டாம், லைனையும் கொம்பிரசரையும் சேத்து அடைச்சுப்போடும்.

நல்லூர் சுதா:
எங்கட ஹோண்டா பிட் ஹைபிரிட் ஜிபி1 மொடல், அதுவும் பெல்ட்தான். பிறகு வந்த ஜிபி5 மின்சாரக் கொம்பிரசர். பேரைப் பாத்து முடிவெடுக்காதேங்கோ, கொம்பிரசருக்குச் செம்மஞ்சள் வயர் போகுதோ எண்டு பாருங்கோ. எங்களுக்கு மூண்டு கராஜ்காரரும் மாறிமாறிக் காஸ் அடிச்சவையே ஒழிய ஒருத்தரும் லீக் தேடேல்லை. கடைசியா அப்பா சவுக்காரத் தண்ணி தடவ, காஸ் அடிக்கிற வாய் வால்விலயே குமிழ் குமிழா வந்தது. அத்தினை காசும் அந்தச் சின்ன வால்வால போனது எண்டு நினைக்க இப்பவும் வயிறு எரியுது.

முறிகண்டி ராசன்:
சரி தம்பி, பிரியஸுக்கு என்ர கதை பொருந்தாது. ஆனா கராஜ்காரனும் பிழையான ஒயிலைத்தானே ஊத்தப் பாத்தவன்? தெரிஞ்ச ஆள் தானே செய்யிறது அதைவிடப் பாதுகாப்பு எண்டுதான் இப்பவும் சொல்லுவன்.

கோண்டாவிலான்:
பொனட்டுக்குக் கீழ ஸ்டிக்கரைப் பாத்தன், என்டி-ஒயில் 11 எண்டே போட்டிருக்கு. என்ர கேஜ் ஹோஸ் தம்பியின்ர வானுக்கும் பாவிச்சது, உள்ளுக்க பிஏஜி நிண்டிருக்கும். அதைத் தொடமாட்டன். நாளைக்குச் சவுக்காரத் தண்ணியோட வால்வில தொடங்கிறன். லீக் கொம்பிரசர் பக்கம் எண்டால் ஹைபிரிட்டுக்கெண்டு தனி ஹோஸும் மெசினும் வைச்சிருக்கிற இடம் வேணும். யாழ்ப்பாணத்தில ஆருக்கும் தெரிஞ்சால் சொல்லுங்கோ, இல்லாட்டில் அனுராதபுரம் எண்டாலும் கொண்டுபோவன்.